ஒரே பெயரில் இரண்டு ஊர்: அடைப்புக்குறியா, எண்ணா?

எண்ணாளி: ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நாட்டைப் போடும் பழக்கத்தை நூலகக் கேட்டலாக்குகள் கைவிடலாம் என்கிறேன். ஐதராபாத் (இந்தியா), ஐதராபாத் (பாகிஸ்தான்) என்று இழுப்பதைவிட ஜியோநேம்ஸ் என்ற உலக ஊர்ப்பெயர்த் தரவுத்தளம் ஒவ்வோர் இடத்துக்கும் தரும் எண்ணைக் கொடுத்தால் முடிந்தது. இரண்டு ஊருக்கு ஒரே எண் வராது.

பழைய அட்டை: எண்ணைப் பார்த்து எந்த வாசகர் ஊரைக் கண்டுபிடிப்பார்? தேடினால் கேம்பிரிட்ஜ் இரண்டு வந்து நிற்கும். ஒன்றில் (இங்கிலாந்து), இன்னொன்றில் (மாசசூசெட்ஸ்) என்று இருந்தால்தான் ஆளுக்குப் புரியும்.

எண்ணாளி: நாடே உடைந்துபோனால்? பிராக் (செக்கோஸ்லோவாக்கியா) என்று இருந்ததையெல்லாம் செக் குடியரசு என்று மாற்ற வேண்டியதாயிற்று. ஊர் என்னவோ இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. அப்புறம், யாருக்கு அடைப்புக்குறி என்பதிலும் அரசியல் உண்டு. அமெரிக்க காங்கிரஸ் நூலகம் கேட்டலாக்குக்கு வகுத்த நிலையான பெயர்களான தலைப்புகளில் வெறும் ஜார்ஜியா என்றால் அமெரிக்க மாநிலம். தனி நாடான ஜார்ஜியாவுக்குத்தான் (குடியரசு) என்ற ஒட்டு. இது நியாயமா?

பழைய அட்டை: நியாயமில்லைதான். அதற்கு இரண்டுக்கும் ஒட்டுப் போடச் சொல்லுங்கள், ஒட்டையே ஏன் எடுக்க வேண்டும்? நாடு மாறினால், இந்த நிலையான பெயர்களை வைத்திருக்கும் தலைப்புக் கோப்பில் ஒரே ஒரு திருத்தம். மென்பொருள் ஒழுங்காக இருந்தால் மற்ற பதிவுகள் தாமாக மாறும். எண் மட்டும் என்ன மந்திரமா? ஒரு நூல் பேசுவது ஐதராபாத் நகரத்தையா, 1948 வரை நிஜாம் ஆண்ட சமஸ்தானத்தையா? அதைப் படித்துப் பிரித்தறிய ஆள் வேண்டும். தவறான எண் விழுந்துவிட்டால் யார் கண்ணிலும் படாது. (பாகிஸ்தான்) என்று தவறாக விழுந்தால் அடுத்து வருபவரே பிடித்துவிடுவார்.

இடைச்செருகல்: இருவரும் பொருள் தலைப்பை, அதாவது நூல் எதைப் பற்றியது என்பதைக் காட்டும் தலைப்பைப் பற்றியே பேசுகிறீர்கள். வெளியீட்டு இடத்தை மறந்துவிட்டீர்கள். அங்கே தலைப்புப் பக்கத்தில் இருப்பதை அப்படியே எழுதுவதுதான் விதி. வெறும் கேம்பிரிட்ஜ் என்று அச்சாகியிருந்தால், தேவைப்பட்டால் சதுர அடைப்புக்குள் மாநிலத்தைச் சேர்க்கலாம், அவ்வளவுதான். மார்க் (கணினி படிக்கும் நூலகப் பதிவு வடிவம்) பதிவில் காப்பாற்றுவது 008ஆம் புலம்: 15 முதல் 17 வரையிலான இடங்களில் வெளியீட்டு நாட்டுக் குறியீடு. இங்கிலாந்துக்கு ஒன்று, மாசசூசெட்ஸுக்கு வேறு. இயந்திரம் அதை வைத்தே பிரித்துவிடும்.

எண்ணாளி: பாருங்கள், கடைசியில் குறியீடுதானே கைகொடுக்கிறது!

பழைய அட்டை: சரி, அந்தக் குறியீட்டைத் திரையில் எப்படிக் காட்டுவீர்கள்? 'இங்கிலாந்து' என்றுதானே?

எண்ணாளி: காட்டுவது வேறு, சேமிப்பது வேறு. பதிவில் எண் இருக்கட்டும், திரையில் உங்கள் அடைப்புக்குறி வரட்டும்.

பழைய அட்டை: எண்ணே இல்லாத பழைய பதிவுகளை என்ன செய்வதாக உத்தேசம்?