பட்டாளத்து மாப்பிள்ளை வேண்டாம்னு சொன்னது தப்பா?

திண்டிவனத்தான்: தங்கச்சிக்கு ஒரு வரன் வந்தது. பட்டாளத்துல நாயக் ரேங்க், 11 வருஷ சர்வீஸ், இப்ப காஷ்மீர்ல. பையன் மேல ஒரு குறையும் இல்ல, நான்தான் வேண்டாம்னுட்டேன். தாலி கட்டிட்டு ஒரு மாசத்துல கிளம்பிடுவார். அப்புறம் இவ மாமியாரோட உட்கார்ந்து சீரியல் பார்க்கணுமா? "நாட்டைக் காக்கறவனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டியா"ன்னு மாமா பேச்சையே நிறுத்திட்டார்.

ரிட்டயர்டு சுபேதார்: தம்பி, வேலூர் பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டைன்னே சொல்வாங்க. அத்தனை பட்டாளத்தான் அங்க. அவங்களுக்கெல்லாம் பொண்ணு கிடைக்கலையா? வருஷ லீவு 60 நாள், கேஷுவல் லீவு தனி. ஃபீல்டு, அதாவது எல்லைப் பக்கம் குடும்பம் இல்லாம இருக்கற போஸ்டிங், முடிஞ்சா அமைதியான ஊர்ல பீஸ் ஸ்டேஷன், குவார்ட்டர்ஸ் கிடைச்சா குடும்பத்தைக் கூட்டிட்டுப் போகலாம். 15 வருஷம் முடிச்சா பென்ஷன், கேன்டீன், முன்னாள் ராணுவத்தினருக்கான ஈசிஎச்எஸ் திட்டத்துல வைத்தியம். துபாய்க்காரன் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வர்றான், அவனுக்கு மட்டும் தாம்பூலம் மாத்துவீங்க!

ஜபல்பூர் ரிட்டர்ன்: ஐயா, அந்த "கிடைச்சா"வுல எனக்கு 14 மாசம் போச்சு. ஒருவழியா ஜபல்பூர் போய், பையனைக் கேந்திரிய வித்யாலயாவுல சேர்த்து, அவனும் இந்தியில சண்டை போடற அளவுக்குத் தேறினப்ப, இவருக்கு மறுபடி ஃபீல்டு. டிரங்குப் பெட்டியைத் தூக்கிட்டு ஊருக்கு வந்தோம். லீவுன்னு சொல்றீங்களே, போன தடவை முதல் வாரம் பூரா தாலுகா ஆபீஸ்தான். மாமனார் இறந்து ஒரு வருஷமா பட்டா மாத்தல, "பையன் வரட்டும்"னு வச்சிருந்தாங்க. ரெண்டாவது வாரம் கூரை ஒழுகல். காலைல நாலரைக்கு எழுந்து பெட்ஷீட்டை மடிச்சு வச்சுட்டு, யாரும் எழுந்திருக்காத வீட்ல தனியா உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி.

சுபேதார்: எங்க காலத்துல இன்லேண்ட் லெட்டர்தாம்மா. இப்ப வீடியோ கால் இருக்கு.

ஜபல்பூர் ரிட்டர்ன்: மலை மேல காவல் போஸ்ட்ல சிக்னல் இருந்தாத்தானே வீடியோ கால்?

அக்னிவீர் அண்ணன்: சண்டைக்கு நடுவுல மன்னிக்கணும். அந்த நாயக்குக்குப் பென்ஷனாவது இருக்கு. என் தம்பி 2022ல வந்த அக்னிபத்ல சேர்ந்தவன். நாலு வருஷம் முடிஞ்சா நூத்துக்கு 25 பேர் வரைக்கும்தான் வச்சுப்பாங்க. மத்தவங்களுக்கு 11 லட்சத்துச் சொச்சம், பென்ஷன் கிடையாது. அதுவரைக்கும் கல்யாணமே பண்ணக்கூடாது. அம்மா தரகர்கிட்ட போனா, "முதல்ல உள்ள நிக்கறானா பார்ப்போம்மா"ங்கறார். அது கிடக்கட்டும், திண்டிவனத்தாரே, உங்க தங்கச்சி என்ன சொல்றாங்க?

திண்டிவனத்தான்: அவகிட்ட இன்னும் போட்டோவே காட்டல.

ஜபல்பூர் ரிட்டர்ன்: அடப்பாவி! நான் இவ்வளவு எழுதினது உங்களுக்குச் சாதகமா இல்ல. முதல்ல போட்டோவைக் காட்டுங்க. சுபேதார் ஐயா, நீங்களும்தான். உங்க வீட்டம்மாவைக் கேட்டீங்களா? அவங்க பொண்ணு குடுப்பாங்களா?

சுபேதார்: (மறுநாள்) எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன். காய் நறுக்கறதை நிறுத்திட்டுக் கேட்டா. "பட்டா வேலைக்கெல்லாம் புருஷன் வரட்டும்னு காத்திருக்க வேணாம், பவர் எழுதி வாங்கி வச்சுக்கச் சொல்லுங்க அந்தப் பொண்ணை"ன்னா. வரனைப் பத்தி ரெண்டு தடவை கேட்டேன். குக்கர் சத்தத்துல காதுல விழலைன்னுட்டா.