14 கிலோ குறைந்தது, 26 ஜாக்கெட் நிற்கிறது: பிடிக்கலாமா, புதிதாகத் தைக்கலாமா?

கொழிஞ்சாம்பாறை மருமகள்

கும்பகோணத்துப் பக்கம் பிறந்தவள் நான். கல்யாணமானதும் சென்னை. மாமனார் படுக்கையில் விழுந்த பிறகு கேரளத்தில் கணவரின் ஊரான கொழிஞ்சாம்பாறைக்கு வந்து இரண்டு வருஷமாகிறது. இந்தப் பக்கம் வீட்டிலும் கடையிலும் பெரும்பாலும் தமிழ்தான் ஓடுகிறது. ஆனாலும் அடுத்த வீட்டுச் சேச்சியின் மலையாளம் சில நேரம் காலை வாரிவிடும்.

போன விஷுவுக்கு என்னை வாசலிலேயே நிறுத்தி, "வண்ணம் குறைஞ்ஞு போயல்லோ!" என்றார். நான் கட்டியிருந்தது அன்றைக்குத்தான் மடிப்புப் பிரித்த சேலை. ஒரு தண்ணிகூடப் படவில்லை, அதற்குள் சாயம் போய்விட்டதா என்று முந்தானையை வெயிலில் விரித்துப் பார்த்தேன். சேச்சி சிரித்துச் சிரித்து, திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். மலையாளத்தில் வண்ணம் என்றால் உடம்பின் பருமனாம். இளைத்துவிட்டாய் என்று சொல்லியிருக்கிறார்.

இளைத்தது உண்மை. 78 கிலோ இருந்தவள் பதினொரு மாதத்தில் 64. ராத்திரிச் சோற்றை விட்டேன், காலையில் வாய்க்கால் கரையில் நடந்தேன், அவ்வளவுதான். எப்படி என்று யாரும் கேட்காதீர்கள், அதைச் சொல்லி அலுத்துவிட்டது.

இப்போது பிரச்சினை பீரோவில். 26 ஜாக்கெட், 11 குர்த்தி, நாலு பேண்ட். சேலைக்குக் கவலையில்லை, முன்பு அஞ்சு கொசுவம் வந்த இடத்தில் இப்போது ஏழு வருகிறது. ஜாக்கெட்தான் தோளிலிருந்து நழுவுகிறது.

எட்டுக் கிலோ குறைந்த ஜோரில் ஒரு தப்பு செய்தேன். கல்யாணத்துக்குத் தைத்த அரக்குப் பட்டு ஜாக்கெட்டை டவுனில் ஒரு தையல்கடையில் கொடுத்தேன். பக்கவாட்டில் பிடித்து, மிச்சத் துணியை வெட்டி, ஓவர்லாக் அடித்து, அச்சடித்த மாதிரி கொடுத்தார்கள். அடுத்த மாதம் நாத்தனார் மகள் கல்யாணம், விருந்து, பலகாரம். மூன்று கிலோ திரும்பி வந்தது. ஜாக்கெட்டின் மேல் ஹூக் மாட்டவே இல்லை. பிரித்துவிடலாம் என்று உள்ளே பார்த்தால், விட துணியே இல்லை.

மிச்சத்தையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும். இதைக் கடந்து வந்தவர்கள் என்ன செய்தீர்கள்?

நகரித் தையல்

வண்ணம் கதை பிரமாதம். எங்கள் நகரியில் தெலுங்குக்காரர்கள் "சிக்கிப்போயாவே" என்பார்கள். இளைத்துவிட்டாயே என்று அர்த்தம். திருத்தணியிலிருந்து தறி வேலைக்கு வந்த பையன் ஒருவன், "நான் யாருகிட்டயும் சிக்கலைண்ணே" என்று பதறினான்.

நான் 28 வருஷமாக மெஷின் மிதிக்கிறவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். அக்கா, துணி உங்கள் உடம்பில் எங்கே தொங்குகிறது என்று முதலில் பாருங்கள். இடுப்பில் தொங்குவதைப் பிடித்துக் கொடுக்கலாம். தோளில் தொங்குவது அநேகமாகச் சரிப்படாது.

குர்த்தியோ சட்டையோ, போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நில்லுங்கள். தோள் எலும்பு முடிகிற இடத்தில் விரலை வையுங்கள். கை ஒட்டிய தையல் அந்த விரலுக்கு நேராக, அல்லது அரை அங்குலம் தள்ளி இருந்தால் பக்கவாட்டில் பிடித்தாலே போதும். ஒரு அங்குலத்துக்கு மேல் புஜத்தில் இறங்கிவிட்டதென்றால் கையைக் கழற்றி, தோளைக் குறைத்து, கைக்குழியைப் புதிதாக வெட்டி, மறுபடி கையை ஏற்ற வேண்டும். அது பாதிச் சட்டை தைக்கிற வேலை. கூலி கேட்டால் நீங்கள் முறைப்பீர்கள், கேட்காவிட்டால் எனக்குக் கட்டாது. அதனால் அந்த மாதிரி வந்தால் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

பேண்டில் பின்பக்க நடுத்தையலைப் பிரித்து இடுப்பைப் பிடிப்போம். இரண்டு அங்குலம் வரை வெளியே தெரியாது. மூன்று, நாலு என்று போனால் பின் பாக்கெட் இரண்டும் முத்தம் கொடுக்கப் போகும். இடுப்பு பிடித்திருக்கும், தொடை மட்டும் பாவாடை மாதிரி ஆடும். ஜீன்ஸ் என்றால் பெல்ட் பட்டியைக் கழற்றி, இரட்டைத் தையலைப் பிரித்து, தடித்த ஊசி போட்டு அடிக்க வேண்டும். வீட்டு மெஷினில் முயற்சி செய்து ஊசியை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

ஜாக்கெட் தனி ஜாதி. பக்கத்தில் இரண்டு மூன்று தையல் ஓட்டியிருப்போம், பெருத்தால் ஒவ்வொன்றாகப் பிரிக்க. இளைத்தால் உள்ளே இன்னொரு ஓட்டு. பக்கத்துக்கு ஒரு அங்குலம் வரை தாராளமாகப் பிடிக்கலாம். அதற்கு மேல் பிடித்தால் மார்புச் சுற்று சரியாகும், ஆனால் டாட் முனை, அதாவது மார்புக்காகப் பிடிக்கிற கூர்மடிப்பின் முனை, இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. கழுத்து அகன்று தோள் நழுவுவது மட்டும்தான் குறை என்றால், முதுகுப் பக்கம் மேலே ஒரு நாடா வைத்துக் கட்டிப் பாருங்கள். பத்தில் ஆறு ஜாக்கெட் அதிலேயே நிற்கும்.

உங்கள் பட்டில் துணியை வெட்டியது தப்பு. பிடிக்கிறவன் மிச்சத்தை உள்ளேயே மடித்து விட வேண்டும். பட்டில் இன்னொன்றும் உண்டு. இன்றைக்குப் போடுகிற தையலை நாளைக்குப் பிரித்தால் ஊசித் துளை வரிசையாக வெளியே தெரியும். அதனால் எடை ஒரு நிலைக்கு வரும்வரை பட்டில் மெஷின் வைக்காதீர்கள். கையால் நீளமாக நூலோட்டிக் கட்டிக்கொள்ளுங்கள்.

வெட்டிய ஜாக்கெட்டுக்கு வழி இருக்கிறது. இரண்டு அக்குளிலும் பக்கத்தையலைப் பிரித்து, நிறம் ஒத்த துணியில் ஒன்றரை அங்குலப் பட்டை ஒட்டலாம். கையைத் தூக்கினால்தான் தெரியும்.

புளியரை வேட்டி

நான் கடையில் வேட்டிதான். 11 கிலோ குறைந்தது எனக்கே தெரியாது, ஏனென்றால் வேட்டி யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை. எங்கள் தாத்தா காலத்தில் செங்கோட்டைப் பக்கம் திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1-இல் இந்தப் பக்கம் சேர்ந்தது. ராஜ்யம் மாறியும் நாலு முழம், எட்டு முழம் மாறவில்லை பாருங்கள்.

காட்டிக்கொடுத்தது பெல்ட். கல்யாணத்துக்குப் போக பேண்ட் போட்டால் கடைசித் துளையும் போதவில்லை. செருப்பு தைக்கிறவர் புதிதாக இரண்டு துளை போட்டார். பழைய துளையில் கொக்கி அழுத்திய தடம் இன்னும் இருக்கிறது. துளைக்குத் துளை ஒரு அங்குலம், எண்ணிப் பார்த்தால் நாலு அங்குலம் போயிருக்கிறது.

சட்டையை அப்படியே தொளதொளவென்று போட்டுக்கொண்டு திரிந்தேன். ஆரியங்காவு, புனலூர் ஆட்கள் கடைக்கு வந்தால் "எந்து பற்றி, ஷீணிச்சு போயல்லோ" (என்ன ஆச்சு, வாடிப் போயிட்டீங்களே) என்று கேட்டுவிட்டு, பாக்கியை வேறு சீக்கிரம் கொடுத்தார்கள். ஆள் நிலைக்க மாட்டான் என்று நினைத்திருப்பார்கள் போல. அந்த லாபத்துக்காகவே ஆறு மாதம் மாற்றவில்லை. பிறகு வீட்டுக்காரி எல்லாவற்றையும் என் தம்பிக்குக் கொடுத்துவிட்டாள். அவனுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கிறது. அவன் நடக்க ஆரம்பிக்காமல் இருக்க வேண்டும்.

குமுளி ஏலக்கடை

மற்றவர்கள் சிரிக்கிறீர்கள், நான் ஒரு எச்சரிக்கை சொல்கிறேன். எனக்கு ஏலக்காய்க் கடையில் தராசுக்குப் பக்கத்தில் வேலை. நாள் பூராவும் எடை போடுகிறவன் தன்னை எடை போட்டதில்லை. அஞ்சு மாதத்தில் பேண்ட் இரண்டு தடவை லூஸானது. நடையும் கிடையாது, சோற்றைக் குறைக்கவும் இல்லை. ஏலச் சீசனில் ஓடியாடியதில் இளைத்துவிட்டேன் என்று பெருமை வேறு.

கம்பத்தில் என் டெய்லர் அண்ணன் இருக்கிறார். மூன்றாவது தடவை போனபோது டேப்பை இடுப்பில் சுற்றிவிட்டு உடனே நோட்டில் எழுதவில்லை. பழைய பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். "தம்பி, வைகாசியில 36, ஆடியில 34, இப்ப 32. தண்ணி நிறையக் குடிக்கிறியா? ராத்திரி எந்திரிக்கிறியா?" என்றார். இரண்டும் உண்டு. "பேண்டை வச்சிட்டுப் போ. ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு வந்தாத்தான் தைப்பேன்" என்றார். அவர் மனைவிக்கும் இப்படித்தான் ஆரம்பித்ததாம்.

சாப்பிடாமல் எடுத்த சர்க்கரை 238. அது 126-ஐத் தொட்டாலே மறுபடி பார்த்து உறுதி செய்ய வேண்டிய அளவு. டாக்டர் சொன்னது இதுதான்: முயற்சி செய்யாமல் ஆறு மாதம், ஒரு வருஷத்துக்குள் உடம்பு எடையில் நூற்றுக்கு அஞ்சு பங்கு குறைந்தால் காரணம் தேட வேண்டும். 70 கிலோ ஆளுக்கு மூன்றரைக் கிலோ. எனக்குப் போனது ஒன்பது.

மாத்திரை ஆரம்பித்ததும் நாலு கிலோ திரும்பியது. டெய்லர் அண்ணன் துணி ஒரு நூல்கூட வெட்டவில்லை, உள்ளே மடித்து விட்டிருந்தார். பிரித்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

இங்கே மலையாளத்தில் தூக்கம் என்றால் எடை. "தூக்கம் குறைஞ்ஞோ?" என்று முதலாளி கேட்டதற்கு "நல்லா தூங்கறேன் சார்" என்று பதில் சொன்னது நானில்லை, என் மச்சான்.

களியக்காவிளை பஸ்

நகரி அண்ணன் கோபப்படக் கூடாது. நான் கட்சி மாறுகிறேன்: பட்டு ஜாக்கெட்டையும் நல்ல காட்டன் ஜாக்கெட்டையும் தவிர எதையும் பிடிக்கக் கொடுக்காதீர்கள்.

தினமும் பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகத் திருவனந்தபுரத்துக்கு ஆபீஸ் போகிறவள் நான். போன வருஷம் ஒன்பது குர்த்தியைப் பிடிக்கக் கொடுத்தேன். ஒன்றுக்கு 80 ரூபாய். கொடுக்க ஒரு நடை, "நாளைக்கு வாங்க" என்று இரண்டு நடை. மொத்தம் 720 ரூபாய். அதில் பாதி குர்த்தி வாங்கினபோதே 300 ரூபாய்தான், வெளுத்தும் போயிருந்தது. அடுத்த நாலு மாதத்தில் இன்னும் அஞ்சு கிலோ குறைந்ததும் ஒன்பதும் மறுபடி தொங்கின. தைத்த காசுக்கு நல்லதாக இரண்டு வாங்கியிருக்கலாம்.

எடை இறங்குகிறபோது இடையில் போட்டுக்கொள்ள ஆபீசுக்கு மூன்று, வீட்டுக்கு இரண்டு போதும். நாடா வைத்த பேண்ட், எலாஸ்டிக் பேண்ட் வாங்குங்கள். தராசு மூன்று மாதம் ஒரே இடத்தில் நின்றால் அப்புறம் டெய்லரிடம் போகலாம். எல்லையில் இருப்பவர்களுக்கு ஒரு கண்டம் உண்டு: இந்தப் பக்கம் ஆடித் தள்ளுபடி முடிவதற்குள் அந்தப் பக்கம் ஓணக் கச்சவடம் (வியாபாரம்) தொடங்கிவிடும். இளைத்த உடம்போடு இரண்டுக்கும் நடுவில் நடந்து போவது சாமானியமல்ல. நான் இரண்டு சைஸ் சின்னதாக ஒரு சுடிதார் வாங்கி, "அதுக்குள்ள வந்துடுவேன்" என்று வைத்தேன். இன்றைக்கும் பில்லோடு இருக்கிறது.

நகரித் தையல்

கோபமெல்லாம் இல்லை. 300 ரூபாய்க் குர்த்தியைப் பற்றிச் சொன்னது சரி. நானும் அதைத்தான் திருப்பிக் கொடுப்பேன். ஆனால் "நாளைக்கு வாங்க" என்பதை எங்கள் தொழிலிலிருந்து எடுக்கச் சொல்லாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை மருமகள்

எல்லோருக்கும் நன்றி. குமுளி அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு முதலில் சர்க்கரை பார்த்தேன், 94. சரி என்று பீரோவைத் திறந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்கத் தோளில் விரல் வைத்துப் பார்ப்பதே வேலை. 11 குர்த்தியில் எட்டுக்குத் தோள் இறங்கிவிட்டது, நாத்தனார் எடுத்துக்கொண்டாள். மூன்றைப் பொள்ளாச்சியில் பிடிக்கக் கொடுத்திருக்கிறேன். ஜாக்கெட்டில் ஒன்பதுக்கு நாடா வைத்ததோடு தீர்ந்தது. நாலு பட்டு, நூலோட்டி நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். மாமியார் மட்டும் "இது என்ன, போர்வைக்கு உறை தைச்ச மாதிரி" என்றார். மற்ற பன்னிரண்டை இப்போதைக்குத் தொடவில்லை, மூன்று மாதக் கணக்கு ஓடுகிறது. நாலு பேண்டில் ஒன்றுதான் தேறியது.

அரக்குப் பட்டுக்குப் பட்டைத் துணி அந்தச் சேலையிலேயே கிடைத்தது. இடுப்பில் சொருகுகிற உள்முனை ஜாக்கெட் நிறம்தான். அதில் நாலு விரல் அகலம் வெட்டியதில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் வெட்டும்போது எனக்குக் கை நடுங்கியது. டெய்லர்தான் கத்தரியை வாங்கி ஒரே இழுப்பில் வெட்டினார்.

களியக்காவிளை பஸ்

அக்கா, விரல் என்றதும் ஞாபகம் வந்தது. மோதிரத்துக்கு என்ன செய்தீங்க? என்னுடையது பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போது கழன்று விழுந்து, கண்டக்டர் எடுத்துக் கொடுத்தார்.

கொழிஞ்சாம்பாறை மருமகள்

வெட்டிச் சின்னதாக்கலாம் என்றார்கள். இப்போதைக்கு உள்பக்கம் நூல் சுற்றிப் போட்டிருக்கிறேன்.