ஜன்னல் இல்லாத ஐ.சி.யு.வில் அப்பா

போன ஐப்பசியில் அப்பா வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். வயது 74. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அப்புறம் இரண்டு நாள் ஐ.சி.யு.வில் வைத்தார்கள். அந்த இரண்டு நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

ஜன்னலே கிடையாது. டியூப் லைட்டை ராத்திரியும் அணைப்பதில்லை. நடுங்க வைக்கிற ஏசி. ஒரு மானிட்டர் ஓய்ந்தால் அடுத்த கட்டிலில் இன்னொன்று கத்தும். ராத்திரி 2 மணிக்கு ரத்தம் எடுப்பார்கள், 4 மணிக்குத் தரை துடைப்பார்கள். தொலைந்துவிடும் என்று சொல்லி அப்பாவின் கண்ணாடியையும் காது மெஷினையும் முதல் நாளே என்னிடம் கொடுத்துவிட்டார்கள். நானும் பேசாமல் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

அப்பா கைக்கடிகாரம் கட்டியதே இல்லை. வெயிலைப் பார்த்து மணி சொல்லுகிறவர். இரண்டாம் நாள் காலை உள்ளே போனால், மானிட்டரின் பச்சை வெளிச்சத்தைக் காட்டி, "த்ரீ பேஸ் வந்துருச்சுல்ல, மோட்டாரப் போடாம ஏன் நிக்கிற?" என்று அதட்டுகிறார். நான் யாரென்று தெரியவில்லை. டிரிப்ஸைப் பிடுங்கிவிட்டார் என்று இரண்டு கையையும் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். மணிக்கட்டு சிவந்திருந்தது. வெளியே வந்து அழுதேன்.

மூளையில் ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தோம். டாக்டர்தான் விளக்கினார். இதற்கு டெலிரியம் என்று பெயர். வயதானவர்களுக்கு இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அடிக்கடி வருவதுதான். தொற்று, வலி, சில மருந்துகள், உடம்பில் நீர் குறைவது என்று காரணங்கள் பல. தூக்கம் கெட்டு, பகலா இரவா என்று தெரியாமல், கண்ணும் காதும் அடைத்த மாதிரி கிடந்தால் இன்னும் மோசமாகும். பரிசோதனைகளைப் பார்த்துவிட்டு வார்டுக்கு மாற்றச் சொன்னார்.

வார்டில் ஜன்னலோரக் கட்டில், வெளியே ஒரு வேப்பமரம். அங்கிருந்த சிஸ்டர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "தாத்தா கண்ணாடி போடுவாங்களாண்ணே?" கண்ணாடியும் காது மெஷினும் திரும்ப ஏறின. கட்டை அவிழ்த்துவிட்டு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். ராத்திரி 10 மணிக்கு விளக்கை அணைத்தார். எதிர்ச் சுவரில் மாட்ட ஒரு கடிகாரம் வாங்கி வந்தேன்.

நோயாளிகள் இருக்கும் அறையில் இரவுச் சத்தம் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999லேயே சொல்லியிருக்கிறது. நாம் காதோடு குசுகுசுக்கிற அளவு அது. ஜன்னலைப் பற்றியும் படித்தேன். அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்ட 46 பேரின் பதிவுகளை ரோஜர் உல்ரிச் என்பவர் ஒப்பிட்டு 1984ல் வெளியிட்டார். ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சின்ன ஆய்வுதான். ஆனால் அந்த வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்த அப்பாவைக் கண்ட எனக்கு அது போதும்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களைச் சேர்க்கும்போது கண்ணாடியையும் காது மெஷினையும் கழற்றச் சொன்னால், எப்போது திரும்பப் போட்டுவிடுவீர்கள் என்று அங்கேயே கேளுங்கள். நான் கேட்கவில்லை.

வார்டுக்கு வந்த மூன்றாம் நாள் சாயங்காலம், கட்டில் மேல் விழுந்த வெயிலைப் பார்த்துவிட்டு, "மணி நாலாகப் போகுது, மாட்டுக்குத் தண்ணி காட்டினாளா உங்கம்மா?" என்றார். கடிகாரத்தில் 3.50.