மாலூர் பக்கம் நான்கே கால் ஏக்கர்: சிறிய டிராக்டர் வாங்குவதா, வாடகைக்கு ஓட்டுவதா?

மாலூர்த் தோட்டம்:
பெங்களூர் அல்சூரில் குடியிருக்கும் எங்கள் குடும்பத்துக்குக் கோலார் மாவட்டம் மாலூர் வட்டத்தில் நான்கே கால் ஏக்கர் நிலம் உள்ளது. இரண்டரை ஏக்கர் மாந்தோப்பு, ஒரு ஏக்கர் மானாவாரி ராகி, மீதி முப்பது குண்டே (நாற்பது குண்டே ஒரு ஏக்கர்) சரிவும் பாறையுமாகக் கிடக்கிறது. மரங்களுக்கு இடையே புல்லை அடக்குவது, ராகிக் கொல்லையை உழுவது, எருவையும் கவாத்து செய்த கிளைகளையும் ஏற்றி இறக்குவது ஆகிய மூன்றும்தான் வேலை. 24 எச்.பி. ஃபோர் வீல் டிரைவ் போதும் என்கிறார் விற்பனையாளர். 35க்குக் கீழே போனால் அது பொம்மை என்கிறார் பெரியப்பா. எதை வாங்கலாம் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சர்ஜாபுரம் சாலை:
எதையும் வாங்காதீர்கள் என்பதுதான் என் பதில். வண்டி ஐந்தரை லட்சம், மண்ணைச் சுழற்றிக் கிளறும் ரொட்டவேட்டர், உழும் கல்டிவேட்டர், சிறிய டிரெய்லர் எல்லாம் சேர்த்து இன்னும் ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொண்டால், ஏழு லட்சத்துக்கு ஒன்பது விழுக்காட்டில் முதல் ஆண்டு வட்டி மட்டுமே ஏறத்தாழ 63,000 ரூபாய். உங்கள் நிலத்தில் ஆண்டுக்கு முப்பத்தைந்து மணி நேரத்துக்கு மேல் டிராக்டருக்கு வேலை இருக்காது. மணிக்கு 1,200 ரூபாய் கொடுத்து வாடகைக்கு ஓட்டினாலும் 42,000 ரூபாயில் முடிந்துவிடும், டீசலும் ஓட்டுநரும் அதிலேயே அடக்கம். கர்நாடக அரசின் கிருஷி யந்திர தாரே என்னும் விவசாய இயந்திர வாடகை மையங்களையும் விசாரித்துப் பாருங்கள். 2020இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் திருத்தப்பட்டு, விவசாயி அல்லாதவரும் நிலம் வாங்கலாம் என்று ஆனதிலிருந்து, பெங்களூரைச் சுற்றித் தார்ப்பாய் போர்த்திய புது டிராக்டர்களுக்குக் குறைவில்லை. பேட்டரி இறங்கி, ஒயரை எலி கடித்து, வார விடுமுறை முழுவதும் மெக்கானிக்குக்குக் காத்திருப்பதற்குப் பெயர் விவசாயம் அன்று. யானையைக் கட்டித் தீனி போடுவது.

தளிக்காரர்:
சர்ஜாபுரத்து நண்பரின் கணக்கு காகிதத்தில் சரி, செம்மண்ணில் சரிவராது. ஜூன், ஜூலையில் நல்ல மழை ஒன்று விழுந்தால் இந்த மண்ணில் உழவுக்குப் பதம் இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். அந்த மூன்று நாளில்தான் ஊரே டிராக்டரைத் தேடும். வாடகை வண்டிக்காரர் இருபது ஏக்கர்க்காரரின் நிலத்தை முடித்துவிட்டு உங்கள் ஒரு ஏக்கருக்கு வரும்போது மண் இறுகிக் கட்டி கட்டியாகப் பெயரும், பிறகு விதைப்பும் தள்ளிப்போகும். வட்டிக் கணக்கிலும் பாதியைத்தான் சொன்னார். தவணை கட்டக் கட்ட வட்டி குறையும், நன்றாக வைத்திருந்த வண்டியை விற்றால் கணிசமான பணம் திரும்பியும் வரும்.

இதைவிட முக்கியமானது புல். இரண்டரை ஏக்கர் மாந்தோப்பில் ஜூன் முதல் நவம்பர் வரை மாதம் ஒரு முறையாவது புல்லை வெட்டியாக வேண்டும். புல் வெட்டும் கருவியான ஸ்லாஷரை, நான்கு அடி அகலத்தில், மாட்டி மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில், திருப்பங்களையும் சேர்த்து ஓட்டினால், ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம் ஆகும்; ஆறு மாதத்துக்கு இருபத்து நான்கு மணி நேரம். இந்த வேலையை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. எங்கள் பக்கத்து வாடகை வண்டிகளில் ரொட்டவேட்டர் இருக்கும், ஒன்பது கொழுக் கலப்பை இருக்கும், டிரெய்லர் இருக்கும். ஸ்லாஷர் வைத்திருப்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆகவே புல் வெட்ட வந்தவரும் ரொட்டவேட்டரையே இறக்குவார். மாமரத்தின் சல்லி வேர்கள் மேல்மண்ணில்தான் படர்ந்திருக்கின்றன, அவற்றை ஆண்டுதோறும் அறுத்துக்கொண்டிருந்தால் மரம் என்னாகும்? ஒரே ஆழத்தில் திரும்பத் திரும்பச் சுழற்றுவதால் அடியில் மண் பலகைபோல் இறுகிவிடுவது தனிக் கேடு.

சர்ஜாபுரம் சாலை:
தளிக்காரரே, ரொட்டவேட்டர் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் புல் வெட்டுவதற்கா ஐந்தரை லட்சம்? கையில் பிடித்துப் புல் வெட்டும் பிரஷ் கட்டர் ஒன்றும் களையெடுக்கும் பவர் வீடர் ஒன்றும் சேர்ந்து ஒரு லட்சத்துக்குள் அடங்கும். உழவும் வேண்டுமென்றால் பெங்களூரிலேயே தலைமையகம் உள்ள வி.எஸ்.டி. நிறுவனத்தின் 13 எச்.பி. பவர் டில்லர் இருக்கிறது. உதிரி பாகத்துக்கு அலைய வேண்டியதில்லை.

தளிக்காரர்:
பிரஷ் கட்டரை நாள் முழுவதும் பிடித்தாலும், இடுப்பளவு புல்லில் ஓர் ஆள் அரை ஏக்கரைத் தாண்டுவது அரிது. இரண்டரை ஏக்கருக்கு ஐந்து ஆள் கூலி என்பதை ஆறு மாதத்தால் பெருக்கிப் பாருங்கள். முதலில் ஆள் கிடைக்க வேண்டுமே! பவர் டில்லரோ சேற்று வயலுக்குப் பிறந்தது. கல் கிடக்கும் செம்மண்ணில் அதன் பின்னால் அரை நாள் நடந்தவரின் கைகள் அன்றிரவு சோற்றைப் பிசையாது.

இயந்திரக்காரி:
இரண்டு பேரும் எச்.பி.யையும் பணத்தையும் மட்டுமே பேசுவதால் நான் குறுக்கிட வேண்டியிருக்கிறது. விளம்பரத்தில் உள்ள 24 என்பது என்ஜினின் திறன், பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டுக்கு வந்து சேர்வது அதைவிடக் குறைவு. ஸ்லாஷருக்கு அகலத்தில் அடி ஒன்றுக்கு ஏறத்தாழ ஐந்து எச்.பி. என்பது பொதுவான கணக்கு, எனவே பி.டி.ஓ.வில் இருபது கிடைத்தால் நான்கு அடிக்குச் சரியாக இருக்கும், ஐந்து அடிக்கு ஆசைப்படக் கூடாது. மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய அரசு நிறுவனம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை வெளியிடுகிறது. பி.டி.ஓ. திறன், தூக்கும் எடை, திரும்பும் வட்டம், எரிபொருள் செலவு எல்லாம் அதில் இருக்கும். விற்பனையாளரிடம் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். அவர் தரும் வண்ணத் தாளை மடித்து வைத்துவிடலாம்.

அடுத்தது கிளட்ச். கியர் பெட்டி வழியாகவே பி.டி.ஓ. ஓடும் வண்டியில் நீங்கள் கிளட்சை மிதித்த பிறகும், சுழன்றுகொண்டிருக்கும் ஸ்லாஷரின் கனமான கத்திகள் அந்த வேகத்திலேயே சக்கரத்தைத் திருப்பி வண்டியை முன்னே தள்ளும். மரத்துக்கு ஒரு முழம் முன்னால் நிறுத்த நினைத்தவர் மரத்தில்தான் நிற்பார். பி.டி.ஓ.வுக்குத் தனிக் கிளட்ச் இருக்க வேண்டும், இல்லையென்றால் தண்டில் ஒருவழிக் கிளட்சாவது மாட்ட வேண்டும். விலைப்பட்டியலில் இதை யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

முப்பது குண்டே சரிவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அங்கே குறுக்காக ஓட்டாமல் மேலும் கீழுமாக ஓட்டுங்கள். கவிழ்தலைத் தாங்கும் வளைவுச் சட்டம் இல்லாத வண்டியை அந்தப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். தாழ்ந்த கிளைகளுக்காகச் சட்டத்தை மடக்கும்போது இருக்கை பெல்ட் போடக் கூடாது, நிமிர்த்தியதும் பெல்ட் கட்டாயம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

ஓசூர் சந்தை:
பெரியப்பா சொன்னதையும் தள்ளிவிட வேண்டாம். பழைய 35 எச்.பி. வண்டி ஓசூர்ப் பக்கம் பாதி விலைக்கே கிடைக்கும். எந்தப் பட்டறையிலும் பழுது பார்ப்பார்கள்.

இயந்திரக்காரி:
கிடைக்கும், ஆனால் மாங்கிளைக்குக் கீழே நுழையாது. தமிழ்நாட்டுப் பதிவுள்ள வண்டியைக் கர்நாடகத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 47ஆம் பிரிவின்படி இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். தடையின்மைச் சான்றுக்கும் அலைய வேண்டும். தவிர, 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்திருப்பதால், பழையதற்கும் புதியதற்கும் இருந்த இடைவெளி சற்றுச் சுருங்கிவிட்டது.

மாலூர்த் தோட்டம்:
அனைவருக்கும் நன்றி. தாழ்ந்த கிளைகளின் உயரத்தை அளந்து பார்த்ததில் 35 எச்.பி. உள்ளே போகாது என்பது உறுதியாகிவிட்டது. பெரியப்பாவிடம் அப்பா பேசிக்கொள்வார். ராகி உழவை இந்த ஆண்டும் வாடகைக்கே விட்டுவிட்டு, புல்லுக்காக மட்டும் 24 எச்.பி.யும் நான்கு அடி ஸ்லாஷரும் எடுக்கலாமா என்று யோசிக்கிறோம். பஹணி என்னும் நிலப் பதிவேடு அப்பாவின் பெயரில் இருப்பதால் மானியத்துக்கு ரைத்த சம்பர்க்க கேந்திரம் என்னும் அரசின் விவசாயிகள் தொடர்பு மையத்தில் அவரே விண்ணப்பிப்பார். விற்பனையாளர் அடுத்த வாரம் நிலத்துக்கே வண்டியைக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

சர்ஜாபுரம் சாலை:
புல்லுக்கு மட்டும் இவ்வளவு பணம் என்பதை என்னால் இப்போதும் ஏற்க முடியவில்லை. ஆனாலும் கொண்டுவரச் சொல்லிவிட்டீர்கள் என்பதால் ஒன்று சொல்கிறேன்: அவர் ராகிக் கொல்லையின் சமதளத்தில் ஓட்டிக்காட்டிவிட்டுக் கிளம்பப் பார்ப்பார். விடாதீர்கள். ஸ்லாஷரை மாட்டித் தோப்புக்குள் புல் உயரமாக இருக்கும் வரிசையில் ஓட்டச் சொல்லுங்கள், பி.டி.ஓ. ஓடும்போதே கிளட்சை மிதித்து நிறுத்தச் சொல்லுங்கள், பிறகு சரிவில் ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். பழுது வந்தால் மெக்கானிக் கோலாரிலிருந்து வருவாரா, பெங்களூரிலிருந்தா என்பதையும், எத்தனை நாளில் வருவார் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு முன்பணம் கொடுங்கள்.