ஃபோர்ட்சன் டெக்ஸ்டா டீசல் பம்பில் உள்ள ‘தோல்’ என்பது எது? அதை எங்கே வாங்கலாம், அல்லது எப்படிச் செய்துகொள்வது?

கேள்வி: விவசாயி, குப்பம் அருகில்

எங்கள் நிலம் ஆந்திர மாநிலம் குப்பத்துக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. என் தந்தையார் வைத்திருந்த ஃபோர்ட்சன் டெக்ஸ்டா டிராக்டரை இன்றும் வேர்க்கடலைக் கொல்லை உழவுக்குப் பயன்படுத்தி வருகிறேன். இங்கிலாந்தின் டாகன்ஹாம் ஆலையில் 1957 முதல் 1964 வரை தயாரான வண்டி இது. மூன்றரை அங்குலச் சிலிண்டர் விட்டம், ஐந்து அங்குல ஸ்ட்ரோக் கொண்ட இதன் மூன்று சிலிண்டர் எஞ்சின் பெர்கின்ஸ் பி3 குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், எஞ்சின் சாமான்களை அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டு இதுவரை எப்படியோ சமாளித்து வந்திருக்கிறேன். இப்போது சிக்கல் சிம்ஸ் டீசல் பம்பில் வந்திருக்கிறது.

வண்டியை நிறுத்தி ஓடவிட்டால் எஞ்சின் சத்தம் ஒரே சீராக இல்லாமல் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. சென்ற வாரம் வரப்பில் திரும்பும்போது ஆக்சிலேட்டர் கைப்பிடியைக் குறைத்த பிறகும் வேகம் தணியவில்லை. ஸ்டாப் குமிழை இழுத்துத்தான் அணைத்தேன். பம்பைச் சோதித்துச் சரிசெய்யும் ஒரு கேலிப்ரேஷன் கடைக்குக் கொண்டுபோனபோது, இதற்கெல்லாம் சாமான் வருவதில்லை என்றும், வேறு வண்டியின் பம்பை வாங்கிப் பிராக்கெட் அடித்துப் பொருத்துவதே வழி என்றும் சொன்னார்கள். அதற்கு எனக்கு மனம் வரவில்லை.

தந்தையாரின் கணக்கு நோட்டைப் புரட்டியபோது, ‘பம்பு தோல் மாற்றியது, வாணியம்பாடி’ என்று ஒரு வரி இருந்தது. எந்த ஆண்டு, யார் மாற்றினார்கள் என்ற விவரம் இல்லை. இரும்பும் அலுமினியமுமாக இருக்கும் டீசல் பம்பில் தோலுக்கு என்ன வேலை என்று எனக்கு விளங்கவில்லை. தெரிந்தவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி: டீசல் பம்ப் மெக்கானிக், திருப்பத்தூர்

தம்பி, உங்கள் தந்தையார் சரியாகத்தான் எழுதி வைத்திருக்கிறார். எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் உறுப்பைக் கவர்னர் என்போம். அந்தப் பம்பின் கவர்னர், எடைக்குண்டுகள் சுழலும் வகை அன்று. காற்று உறிஞ்சுதலால் இயங்குவது. நீங்கள் அசைக்கும் ஆக்சிலேட்டர் பம்பை நேராகத் தொடுவதில்லை, எஞ்சினுக்குக் காற்று போகும் வழியில் உள்ள பட்டாம்பூச்சித் தகட்டைத்தான் திருப்புகிறது. அங்கே உண்டாகும் உறிஞ்சுதல் ஒரு மெல்லிய குழாய் வழியாகப் பம்பின் பின்முனையில் உள்ள வட்டக் கூட்டுக்கு வருகிறது. அந்தக் கூட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்டு நடுவில் திரைபோல நிற்பதுதான் தோல் டயாஃப்ரம். அதன் ஒரு பக்கம் ஸ்பிரிங் இருந்து ராக்கை, அதாவது டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் தண்டை, முழு டீசல் பக்கம் தள்ளுகிறது. உறிஞ்சுதல் கூடும்போது தோல் ஸ்பிரிங்கை அமுக்கி ராக்கைப் பின்னுக்கு இழுத்து டீசலைக் குறைக்கிறது.

ஆகவே தோலில் சிறு ஓட்டை விழுந்தால் எஞ்சின் ஏறி இறங்கும். பெரிதாகக் கிழிந்தால் ஸ்பிரிங்கைத் தடுக்க எதுவுமில்லாமல் முழு டீசலும் போய் எஞ்சின் தறிகெட்டு ஓடும். உங்கள் வண்டி இரண்டாவது நிலையை நெருங்கிவிட்டது, எனவே சரிசெய்யும்வரை தயவுசெய்து அதை ஓட்டாதீர்கள்.

கூட்டைத் திறக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது ஸ்டாப் குமிழை முழுதாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, உறிஞ்சுகுழாயைக் கவர்னர் கூட்டிலிருந்து கழற்றி, அந்தத் துளையை ஈர விரலால் இறுக மூடிக்கொண்டு குமிழை விடுங்கள். தோல் நன்றாக இருந்தால் ராக் சற்று நகர்ந்து தயங்கி நிற்கும், அல்லது மெதுவாக ஊர்ந்து வரும். ‘டக்’கென்று முழுதும் திரும்பிவிட்டால் காற்று கசிகிறது என்று பொருள். குழாயில் வெடிப்பு இருக்கிறதா, அதன் இணைப்பு தளர்ந்திருக்கிறதா, பட்டாம்பூச்சித் தகட்டின் அச்சு தேய்ந்து ஆடுகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஏறி இறங்கும் சத்தத்துக்கு இவையும் காரணமாக இருக்கலாம். முழு டீசல் அளவை நிறுத்தும் சீல் வைத்த திருகை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள்.

கேட்டவர்

ஐயா, மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடி செய்தேன். விரலுக்கடியில் உறிஞ்சுதல் துளியும் தெரியவில்லை, ராக் உடனே திரும்பிவிட்டது. கூட்டைத் திறந்து பார்த்தேன். தோல் கறுத்து, உலர்ந்த வாழைச் சருகு போல மொடமொடவென்று இருந்தது. நடுவில் இரண்டு உலோகத் தகடுகள் தோலைக் கவ்விப் பிடித்திருக்கின்றன. கிழிசல் அந்தத் தகட்டின் விளிம்பை ஒட்டி, கால் வட்டத்துக்கு ஓடியிருந்தது.

நான் செய்த ஒரு தவற்றையும் சொல்லிவிடுகிறேன். அவசரத்தில் லாரி டியூபை வட்டமாக வெட்டிப் போட்டு வண்டியை முடுக்கினேன். முதல் இரண்டு நாள் ஓரளவு சரியாக ஓடியது, மூன்றாம் நாள் பழைய நிலைக்கே வந்துவிட்டது. திறந்தால் ரப்பர் ஊறிப் பெருத்து, அப்பளம் போல அலை அலையாக நெளிந்து கிடந்தது.

மறுமொழி: டிராக்டர் வைத்திருப்பவர், பலமனேர்

டியூப் ரப்பர் டீசல் பட்டால் ஊதிவிடும், அதனால் உங்களுக்கு நேர்ந்ததில் வியப்பில்லை. ரப்பர்தான் வேண்டுமென்றால் துணியின்மேல் நைட்ரைல் பூசிய ஷீட் வேண்டும். டீசலையும் எண்ணெயையும் தாங்கும் ரப்பர் அது. ஆனால் என் கருத்தில், பழைய வண்டிச் சாமான்கள் விற்கும் இங்கிலாந்துக் கடைகளில் இந்த டயாஃப்ரம் புதிதாகவே கிடைக்கிறது. பம்பின் தகட்டில் உள்ள எண்ணை முழுதாகக் குறித்துக் கேட்டு வரவழைப்பதே பாதுகாப்பானது. வேகத்தைக் கட்டுப்படுத்தும் உறுப்பில் கைவேலை வேண்டாம் என்று நினைக்கிறேன்.

மறுமொழி: டீசல் பம்ப் மெக்கானிக், திருப்பத்தூர்

அண்ணன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பொறுத்திருக்க முடிந்தால் வரவழைப்பது நல்லதே. ஆனால் இதே வகைக் கவர்னர் முன்பு நம் ஊர் ஜீப்புகளிலும் சிறிய லாரிகளிலும் இருந்தது. அந்தக் காலத்தில் தோல் வெட்டிப் போட்டு ஓட்டிய கைகள் இந்தப் பக்கத்தில் பல உண்டு. சரியான தோலை எடுத்து, பொருத்திய பின் முன்பு சொன்ன சோதனையில் தேறினால் மட்டும் முடுக்குவது என்று வைத்துக்கொண்டால், இதில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. எந்தத் தோல் என்பதைத் தோல் தெரிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

மறுமொழி: ஷூ ஆலையில் தோல் வெட்டும் பிரிவில் பணியாற்றுபவர், ஆம்பூர்

நான் பதினாறு ஆண்டுகளாக லைனிங் தோல் வெட்டுகிறேன். டிராக்டரைப் பற்றி எனக்குத் தெரியாது, தோலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பழைய தோலின் தடிமனை நடுவில் அளக்காதீர்கள், அங்கே அது இழுபட்டு மெலிந்திருக்கும். கூட்டின் விளிம்புக்குள் இறுகிக் கிடந்த ஓரத்தில் மைக்ரோமீட்டரால் அளந்தால்தான் முதலில் இருந்த அளவு தெரியும். உங்களுக்கு வேண்டியது வெள்ளாட்டுத்தோல். அதன் நார்ப்பின்னல் நெருக்கமானது, மெல்லியதாக இருந்தும் எளிதில் கிழியாது. செம்மறித்தோல் கைக்கு இதமாக இருந்தாலும் உள்ளே தளர்வானது, அடுக்கடுக்காக உரிந்துவிடும்.

எங்கள் பகுதியில் முன்பு ஆவாரம்பட்டை போட்டுப் பதனிடுவார்கள். அந்தத் தோல் அழகானது, ஆனால் எஞ்சின் சூட்டில் சுருங்கக்கூடும். குரோம் உப்பில் பதனிட்ட தோல் சூட்டைக் கூடுதலாகத் தாங்கும், மடிந்து மடிந்து நிமிர்வதற்கும் ஏற்றது. வெட்டினால் உட்பக்கம் நீலச்சாயல் தெரிவதைக் கொண்டு பெரும்பாலும் அடையாளம் காணலாம். மேலே பளபளப்பான பூச்சு உள்ளதை வாங்க வேண்டாம், பூச்சு முதலில் வெடித்து அந்தக் கோட்டிலேயே தோலும் கிழியும். வயிற்றுப் பக்கமும் கால் பக்கமும் இழுத்த இழுப்புக்கு வரும். முதுகுத்தண்டை ஒட்டிய பகுதியில் வெட்டுங்கள். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உண்ணி கடித்த தழும்போ ஊசித்துளையோ இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு உதட்டில் வைத்து உறிஞ்சிப் பாருங்கள். காற்று வந்தால் அந்த இடத்தை ஒதுக்கிவிடுங்கள்.

கேட்டவர்

அக்கா, இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. ஓரத்தில் அளந்தேன், அரை மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலாக இருக்கிறது. வெட்டும்போது தோலை இழுத்துப் பிடிக்க வேண்டுமா? ஊறவைக்க எங்கள் வீட்டுக் கடலை எண்ணெய் போதுமா?

மறுமொழி: ஆம்பூர்

இழுக்கவே கூடாது, தம்பி. பலகைமேல் தளர விரித்து, பழைய தோலை அச்சாக வைத்துக் கோடு போட்டு வெட்டுங்கள். துளைகளைக் கத்தரியால் குத்தாமல், வட்டத் துளை போடும் ‘பஞ்ச்’ கருவியால் போடுங்கள். கத்தரி முனை விட்ட கீறலிலிருந்துதான் கிழிசல் தொடங்கும். கடலை எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துத் தோலை விறைக்க வைக்கும்.

மறுமொழி: திருப்பத்தூர்

எண்ணெய்க்கு மாட்டுக்கால் எண்ணெய் சிறந்தது. அது கிடைக்காவிட்டால் மெல்லிய எஞ்சின் ஆயிலைத் தடவி ஓர் இரவு வைத்துத் துணியால் ஒற்றி எடுங்கள். நடுத் தகடுகளின் பழைய ரிவெட்டை உளியால் அடிக்காமல் துளையிட்டு எடுங்கள். தகட்டின் விளிம்பைக் கைவிரலால் தடவிப் பார்த்து, கூர்மை இருந்தால் நைஸ் எமரித் தாளால் மழுக்குங்கள். உங்கள் பழைய தோல் அந்த விளிம்பில்தானே அறுந்திருக்கிறது.

பொருத்தும்போது தோல் முரசுபோல விறைப்பாக நிற்கக் கூடாது. ராக் முழு டீசலிலிருந்து முழு நிறுத்தம் வரை தடையின்றிப் போய்வரும் அளவுக்குத் தொய்வு வேண்டும். மூடித் திருகுகளில் பழையவற்றையே போடுங்கள். ஒன்று தொலைந்துவிட்டது என்று மில்லிமீட்டர் மரைத் திருகை வலிந்து முறுக்கினால் அலுமினியக் கூட்டின் மரை அழிந்துவிடும், அதன் பிறகு பம்பே வீண்.

முடுக்கும்போது இன்னொருவர் ஸ்டாப் குமிழில் கைவைத்து நிற்கட்டும். காற்று நுழைவாயை மூடும் அளவுக்கு ஒரு கனமான பலகையைத் தயாராக வைத்திருங்கள். எஞ்சின் தறிகெட்டால் குமிழுக்கும் அடங்காமல் போகலாம், காற்றை அடைத்தால்தான் நிற்கும். அந்த வாயில் கையை வைக்கவே கூடாது.

கேட்டவர்

வாணியம்பாடியில் தோல் துண்டுகளை எடைக்கு விற்கும் ஒரு கடையில், கரும்பழுப்பு வெள்ளாட்டுத்தோலில் முதுகுப் பகுதியாகப் பார்த்து வாங்கினேன். கடைக்காரப் பெரியவரிடம் எதற்கு என்று சொன்னவுடன், மறுகேள்வி கேட்காமல் தோலை வாயில் வைத்து உறிஞ்சிப் பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார். நான்கு வட்டம் வெட்டினேன். முதலாவது, ‘பஞ்ச்’ நழுவி வீணானது, இரண்டாவது பொருந்தியது.

விரல் சோதனையில் இம்முறை ராக் பாதி வழியில் நின்றது. விரலை எடுத்த பிறகே ‘ஸ்ஸ்’ என்ற ஒலியோடு மீதித் தூரம் போனது. அந்த ஒலியைக் கேட்டபோது எனக்கு உண்டான நிம்மதியை எழுத முடியவில்லை. என் மகன் குமிழைப் பிடித்துக்கொண்டும் மனைவி பலகையோடும் நிற்க, வண்டியை முடுக்கினேன். பலகைக்கு வேலை வரவில்லை. கைப்பிடியைக் குறைத்தால் வேகம் உடனே தணிகிறது. நேற்றும் இன்றும் ஐந்து கொழுக் கலப்பையோடு இரண்டு ஏக்கர் ஓட்டினேன்.

ஒரு குறை மட்டும் மிச்சம் இருக்கிறது. விடியற்காலையில் முடுக்கினால் முதல் சில நிமிடங்கள் சத்தம் இலேசாக ஏறி இறங்கி, எஞ்சின் சூடானதும் அடங்கிவிடுகிறது.

மறுமொழி: திருப்பத்தூர்

புதுத்தோல் குளிரில் சற்று விறைப்பதுதான் காரணமாக இருக்கும். பத்து நாள் ஓட்டிவிட்டுக் கூட்டைத் திறந்து, மடிப்பு விழும் வட்டத்தில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். அப்போதும் அடங்காவிட்டால் பட்டாம்பூச்சித் தகட்டின் அச்சைக் கையால் ஆட்டிப் பாருங்கள்; ஆட்டம் இருந்தால் அச்சைத் தாங்கும் வளையமான புஷ்ஷை வெண்கலத்தில் கடைந்து போடச் சொல்கிறேன், அளவை எடுத்து எழுதுங்கள். மீதமுள்ள இரண்டு வட்டங்களையும் எண்ணெய் தடவி, மடிக்காமல் ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.

கேட்டவர்

அப்படியே செய்கிறேன், ஐயா. டப்பாவின் மூடியில் ‘பம்பு தோல்’ என்று எழுதி, தந்தையாரின் நோட்டில் அந்த வரிக்குக் கீழே தோலின் தடிமன், வெட்டிய விட்டம், தேதி மூன்றையும் குறித்து வைத்திருக்கிறேன்.