மருத்துவமனையிலேயே ஒரு பூனையை வைத்துக்கொள்வது சரியா?

கேள்வி

வணக்கம். நான் ஒரு சிறிய பிராணி மருத்துவமனையில் வரவேற்பு மேசையைக் கவனித்துக்கொள்கிறேன். எட்டு மாதங்களுக்கு முன்பு கால் முறிந்த நிலையில் யாரோ விட்டுச்சென்ற பூனை ஒன்று, குணமான பிறகும் எங்களோடேயே தங்கிவிட்டது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் மயக்கம் தெளிந்துவரும் நாய்களின் கூண்டை ஒட்டி அது சுருண்டு படுத்துக்கொள்கிறது. கருணைக்கொலை ஊசிக்காகத் தங்கள் பிராணியைத் தூக்கி வந்தவர்கள் வெறுங்கையோடு வெளியே வரும்போது, அவர்கள் காலடியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. போலந்தின் பிட்கோஷ்ச் நகர விலங்குக் காப்பகத்தில் நோயுற்ற விலங்குகளைக் கட்டிக்கொண்டு படுத்த ரதமேனெஸ் என்ற கறுப்புப் பூனையைப் பற்றி 2015இல் செய்திகள் வந்தன அல்லவா, அதைப் போல இதையும் முறைப்படி வைத்துக்கொள்ளலாம் என்று மருத்துவரிடம் சொன்னேன். அவர் தயங்குகிறார். அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டா?

பதில் 1 (கால்நடை மருத்துவர்)

நிச்சயம் உண்டு. பூனைகளுக்கு உயிராபத்தான தொற்றுநோயைத் தரும் பான்லூக்கோபீனியா வைரஸ் ஓர் அறைக்குள் ஓராண்டு வரைகூட உயிர்ப்போடு இருக்கக்கூடியது. சாதாரணத் தரை துடைக்கும் திரவத்துக்கு அது அசையாது, பிளீச்சிங் கரைசல்தான் வேண்டும். இரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பூனை லுக்கேமியா வைரஸ் எச்சில் வழியே, ஒன்றையொன்று நக்கிக்கொள்வதால் பரவுகிறது. எனவே இரத்தப் பரிசோதனை, தடுப்பூசி, கருத்தடை ஆகிய மூன்றும் முடிந்திருக்க வேண்டும். தொற்றுநோய்ப் பிரிவுக்கும் அறுவை அறைக்கும் அது போகவே கூடாது. தையல் போட்ட இடத்தை நக்க விடுவதும் ஆபத்துதான்.

இன்னொன்றையும் கேட்கிறேன், தவறாக எண்ண வேண்டாம். மயக்கத்தில் உடல் வெப்பம் இறங்கிவிடும் என்பதால் அந்தக் கூண்டுகளில் வெப்ப விரிப்பு போட்டிருப்பீர்கள். உங்கள் பூனை தேடிப் போவது நோயாளியையா, விரிப்பையா?

பதில் 2 (பூனை வளர்ப்பவர்)

வருகிற பூனைகளின் பக்கமிருந்தும் யோசியுங்கள். நாங்கள் வழக்கமாகப் போகும் இடத்தில் அப்படியொரு பூனை மேசைமீது உட்கார்ந்திருக்கும். அது ஒன்றுமே செய்யவில்லை, கூடையைப் பார்த்தது, அவ்வளவுதான். என்னுடையது உள்ளேயே சிறுநீர் கழித்துவிட்டு, பரிசோதனை முடியும்வரை காதுகளைத் தலையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. தனக்கென்று எல்லை வகுத்து வாழும் விலங்குக்கு, அறிமுகமில்லாத பூனையின் வாடையே போதும். இப்போதெல்லாம் கூடையைத் துண்டால் மூடி, தரையில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொள்கிறேன். பூனைகள் வரும் நேரத்தில் உங்களுடையதை உள்ளறையில் விட முடியுமா?

பதில் 3 (மருத்துவமனை உதவியாளர்)

எங்களிடம் பதினோரு ஆண்டுகளாக ஒன்று இருக்கிறது. அதனால் பெரிதும் ஆறுதல் அடைபவர்கள் மனிதர்கள்தான் என்பது என் கருத்து. ஒருமுறை கழுத்துப்பட்டையை மட்டும் கையில் சுருட்டிப் பிடித்தபடி ஒரு பெரியவர் அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். நாங்கள் நீட்டிய தண்ணீரைக்கூட வாங்கவில்லை. பூனை போய் அவருடைய செருப்பின்மீது முகவாயை வைத்துப் படுத்தது. அவர் குனிந்து பார்க்காமலேயே, தன் நாய்க்கு மழை என்றால் எவ்வளவு பயம் என்று சொல்லத் தொடங்கினார்.

ஆனால் அதை யார் மடியிலும் தூக்கி வைக்காதீர்கள். எவரும் எட்ட முடியாத உயரத்தில் ஒரு பலகையும், தனி அறையில் மணல் தட்டும் இருக்கட்டும். 'குர்ர்' என்று ஒலி எழுப்புகிறதே, மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது என்றும் முடிவுகட்டிவிடாதீர்கள். வலியிலும் பூனைகள் அப்படி ஒலிக்கும். எங்களுடையது சில நாள்கள் பலகையை விட்டு இறங்குவதே இல்லை. நாங்களும் கூப்பிடுவதில்லை.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. மருத்துவர் ஐயா, உங்கள் ஐயம் சரியாகவே இருந்தது: நேற்று ஆளில்லாத கூண்டு ஒன்றில் விரிப்பைப் போட்டு வைத்தேன், பத்து நிமிடத்தில் அதன் அருகே வந்து படுத்துவிட்டது! வரவேற்பறை நாற்காலிகளுக்கு அடியில் விரிப்பு எதுவும் கிடையாது என்பதால், அங்கே அது எதற்குப் போகிறது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. இரத்தப் பரிசோதனைக்கு எங்கள் மருத்துவர் சம்மதித்துவிட்டார். பூனை நோயாளிகளுக்குக் காலை நேரத்தை மட்டும் ஒதுக்கி, அந்த நேரம் முழுதும் இதை உள்ளறையில் வைப்பதாக ஏற்பாடு.