தப்பு பண்ணவனுக்கு மெமோ குடுக்காம விட்டா எப்படிங்க சரியாகும்?

பாய்லர்_ஷிப்ட்:
ஒரு மில்லுல பாய்லர் செக்‌ஷன்ல ஷிப்ட் இன்சார்ஜா இருக்கேன். போன வாரம் நைட் ஷிப்ட்ல ஒரு சின்னப் பையன் ஸ்டீம் லைன்ல தப்பான கேஸ்கெட்ட (பைப் ஜாயிண்ட்ல கசியாம அடைக்கற வளையம்) போட்டுட்டான், விடியக்காலைல லீக், நல்லவேளை பக்கத்துல யாரும் இல்ல. ஆபீஸ்ல மெமோ அடிச்சு என்னைய கையெழுத்து போடச் சொல்றாங்க. பிளேன் விபத்துல பழி யார் மேலனு பாக்க மாட்டாங்க, காரணத்தத்தான் தேடுவாங்கனு ஒருத்தர் சொன்னார். உயிர் போற விஷயத்துல ஆள விட்டுட்டா அடுத்தவனுக்கு பயம் வேணாமா? ரெண்டு நாளா மண்டைக்குள்ள இதேதான் ஓடுது.

ஹேங்கர்_மெக்கானிக்:
அண்ணே, நான் விமான மெயின்டனன்ஸ்ல இருக்கேன், உங்க கதைய படிச்சதும் எனக்கு 1990 ஜூன் 10 தான் ஞாபகம் வந்துச்சு. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390, பர்மிங்காம்ல இருந்து கிளம்பி 17,300 அடில காக்பிட் கண்ணாடி பிச்சுகிட்டு போயிடுச்சு, கேப்டன் பாதி உடம்பு வெளிய, கேபின் க்ரூ அவர் கால இறுக்கி புடிச்சுகிட்டே இருந்தாங்க, கோ-பைலட் சவுத்தாம்ப்டன்ல இறக்குனார். கேப்டன் உட்பட எல்லாரும் பொழச்சாங்க.

அந்த கண்ணாடிய அதுக்கு 27 மணி நேரம் முன்னாடி, நைட் ஷிப்ட்ல மாட்டுனது அனுபவமுள்ள ஒரு ஷிப்ட் மேனேஜர். 90 போல்ட்ல 84 ஒல்லி, மிச்சம் 6 நீளம் கம்மி. கழட்டுன பழைய போல்ட்ட கைல வச்சுகிட்டு வெளிச்சம் கம்மியான ரேக்ல கண்ணாலயே சைஸ் பாத்து எடுத்திருக்கார். ‘அந்தாள தூக்குங்க’னு முடிச்சிருந்தா கதை அங்கயே முடிஞ்சிருக்கும். ஆனா விசாரணை பண்ணவங்க தோண்டுனாங்க: அந்த பழைய போல்ட்டே நீளம் பத்தாதது, அதோடவே பிளேன் நாலு வருஷம் பறந்திருக்கு! மாட்டும்போது எட்டி எட்டித்தான் வேலை பாக்கணும், போல்ட் ஓட்டைல லூசா உக்காந்தது கண்ணுக்கே படல, இன்னொருத்தர் செக் பண்ணணும்னு ரூலும் இல்ல. ஆள மாத்துனா இதுல எது மாறும் சொல்லுங்க? ஐ.நா.வோட விமான அமைப்பு ஐசிஏஓ, அதோட விபத்து விசாரணை விதி அனெக்ஸ் 13லயே இருக்கு, விசாரணையோட ஒரே நோக்கம் அடுத்த விபத்த தடுக்கறது, பழி போடறது இல்லனு.

குமரன்_கோவை:
சரிங்க, ஆனா வேணும்னே பண்றவன், குடிச்சுட்டு வர்றவன், அவனையும் விட்டுடறதா?

ஹேங்கர்_மெக்கானிக்:
அவனுக்கு தனி வழி இருக்கு ப்ரோ. 1974 டிசம்பர்ல டிடபிள்யூஏ 514ங்கற அமெரிக்க பயணிகள் பிளேன் வாஷிங்டன் பக்கத்துல மலைல மோதி 92 பேர் போனாங்க. அதுக்கு ஆறு வாரம் முன்னாடியே வேற கம்பெனி பைலட்டுங்க அதே மலைல மயிரிழைல தப்பிச்சு தங்களோட கம்பெனிக்கு சொல்லியிருக்காங்க, மத்த கம்பெனிக்கு அது போய்ச் சேரவே இல்ல. அதனாலதான் 1976ல நாசா கைல ஒரு ரிப்போர்ட் சிஸ்டம் குடுத்தாங்க. நம்ம தப்ப நாமளே 10 நாளுக்குள்ள எழுதிக் குடுத்தா அபராதம், லைசென்ஸ் சஸ்பென்ஷன் இதுல இருந்து விலக்கு, பேர் இருக்கற துண்ட மட்டும் கிழிச்சு நம்மகிட்டயே திருப்பி அனுப்பிடுவாங்க. வேணும்னே பண்ணதுக்கும் குற்றத்துக்கும் இந்த சலுகை கிடையாது.

பாய்லர்_ஷிப்ட்:
இப்பதான் ஸ்டோருக்கு போய் பாத்துட்டு வர்றேன். ரெண்டு ரேட்டிங் (தாங்கற திறன்) கேஸ்கெட்டும் ஒரே டப்பால கெடக்கு, லேபிள் எண்ணெய் பட்டு அழிஞ்சே போச்சு, அங்க இருக்கற டியூப்லைட்டும் எரியல. எனக்கே கைல எடுத்து ரெண்டு தடவ திருப்பி பாத்தாத்தான் வித்தியாசம் தெரிஞ்சுது. போட்டோ எடுத்துட்டேன். மெமோல கையெழுத்து போடல. திங்கக்கிழமை மேனேஜர் பையன கூப்பிட்டிருக்கார், கூட நானும் போறேன்.